பின்னணியில் யாரும் பாடவில்லை

‘ஷீக்’ என்ற நியூயார்க் டிஸ்கோ குழுவைப் பற்றி எழுதப்படும் கட்டுரைகளுக்கென்று ஒரு வாய்பாடு இருக்கிறது. முதலில் நைல் ரோஜர்ஸின் கிட்டார் வரும். அடுத்து பெர்னார்ட் எட்வர்ட்ஸின் பாஸ் கிட்டார். அதற்கடுத்து டோனி தாம்ப்சனின் டிரம்ஸ். இந்த மூவரும் சேர்ந்து நடன இசையின் எலும்புக்கூட்டையே மாற்றியமைத்த கதை விரிவாகச் சொல்லப்படும். கட்டுரை முடியப்போகிற நேரத்தில், பாடகிகளும் இருந்தார்கள் என்று ஒரு வரி. கல்யாணப் பத்திரிகையின் கடைசியில் ‘மற்றும் உற்றார் உறவினர்’ என்று அச்சடிப்பார்களே, அதைப்போல.

அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. நான் தமிழ் படித்தவள், இசை இலக்கணம் கற்றவளல்ல. ஆனால் பட்டியல் போடுகிறவர் யாரைச் சேர்க்கிறார், யாரை விடுகிறார் என்று பார்ப்பது எங்கள் துறையின் பழைய வேலை. ‘இசைக்கலைஞர்கள்’ என்ற தலைப்பின்கீழ் மூன்று ஆண்களும், ‘குரல்’ என்ற தலைப்பின்கீழ் நான்கைந்து பெண்களும் வைக்கப்படும்போது அது வெறும் பட்டியல் வசதி அல்ல. கருவி வாசிப்பது கலை, பாடுவது இயற்கை என்ற தீர்ப்பு அதற்குள் உட்கார்ந்திருக்கிறது. ஆண் உழைத்துக் கற்றான், பெண் தொண்டையோடு பிறந்தாள்.

முதலில் அந்த ஆண்களுக்குரிய மரியாதையைக் கொடுத்துவிடுகிறேன். கொடுக்காமல் வாதாடுவதில் எனக்கு விருப்பமில்லை. ரோஜர்ஸும் எட்வர்ட்ஸும் 1952இல் பிறந்தவர்கள். ஹார்லமின் அப்பல்லோ அரங்கின் குழுவிலும், ‘செசமி ஸ்ட்ரீட்’ குழந்தைகள் நிகழ்ச்சியின் சுற்றுப்பயணக் குழுவிலும் வாசித்து வளர்ந்தவர் ரோஜர்ஸ். பதின்பருவத்தில் கறுஞ்சிறுத்தைகள் கட்சியில் இருந்தவர். ஜாஸ் கிட்டாரை வைத்துக்கொண்டிருந்த அவரை ஸ்ட்ராட்டோகாஸ்டருக்கு மாற்றியதும், இடக்கை விரல்களால் தந்தியை அமுக்கியும் தளர்த்தியும், வலக்கையால் நிறுத்தாமல் வெட்டுகிற வாசிப்பைக் காட்டித்தந்ததும் எட்வர்ட்ஸ்தான் என்று ரோஜர்ஸே சொல்லியிருக்கிறார். அந்த வெட்டில் பாதி ஒலி, பாதி மௌனம். காய்கறி நறுக்கும் கத்தி பலகையில் படுகிற சத்தத்தைப்போல ஒரு வறண்ட சீர்மை. அதன்மேல் எட்வர்ட்ஸின் பாஸ் நடக்கும். பொதுவாக பாஸ் கிட்டார் அடியில் கிடந்து சுமக்கும். இங்கே அது முன்னால் வந்து பேசும், கேள்வி கேட்கும், பதிலும் சொல்லும். 1979இல் வந்த ‘குட் டைம்ஸ்’ பாட்டில் அந்த பாஸ் வரி எடுத்துவைத்த நடையைக் கேட்டு அடுத்த நாற்பதாண்டுகள் எத்தனையோ பேர் நடந்தார்கள். அதே ஆண்டில் சில்வியா ராபின்சன் என்ற பெண் தயாரிப்பாளர் அந்த வரியின்மேல் மூன்று இளைஞர்களைப் பேசவைத்து ‘ராப்பர்ஸ் டிலைட்’ வெளியிட்டார். ராப் இசை அமெரிக்காவின் வீடுகளுக்குள் நுழைந்த வாசல் அது. அனுமதி கேட்காமல் எடுத்ததற்கு வழக்கு வருமென்று ஆனதும் ரோஜர்ஸ், எட்வர்ட்ஸ் பெயர்கள் பாடலாசிரியர்களாகச் சேர்க்கப்பட்டன. தாம்ப்சனின் டிரம்ஸ் இரண்டு பேருக்கும் நடுவில் கல்தூண்.

இவர்களுடைய இன்னொரு உத்தி, பாட்டின் நடுவில் எல்லாவற்றையும் கழற்றிவிடுவது. கருவிகள் ஒவ்வொன்றாக விலகும், பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பி வரும். அப்படித் திரும்பும்போதுதான் ஒவ்வொன்றும் எதைத் தாங்கிக்கொண்டிருந்தது என்று காதுக்குத் தெரிகிறது.

சரி. இப்போது அதே உத்தியை நாம் செய்து பார்ப்போம். கிட்டார் இருக்கட்டும், பாஸ் இருக்கட்டும், டிரம்ஸ் இருக்கட்டும். பெண்களின் குரலை எடுத்துவிடுங்கள். என்ன மிஞ்சுகிறது? மிக அருமையான ஒரு தாள ஒத்திகை. அதைக் கேட்டு இசைக்கலைஞர்கள் வியப்பார்கள். 1978இல் ‘லெ ஃப்ரீக்’ பில்போர்ட் பட்டியலின் முதலிடத்தில் போய் உட்கார்ந்தது இசைக்கலைஞர்கள் வியந்ததனாலல்ல.

ஷீக்கின் பெண்கள் எப்படிப் பாடினார்கள் என்று யாராவது எழுதியிருக்கிறார்களா என்று பார்த்தால், எழுதியவர்களில் பலர் குறையாகத்தான் எழுதினார்கள். உணர்ச்சியில்லை, தட்டையாக இருக்கிறது, பாட்டாகவே இல்லை, கோஷம்போல இருக்கிறது. எனக்கு இது சிரிப்பூட்டுகிறது. இரண்டு மூன்று பெண்கள் ஒரே சுருதியில், ஒரே மூச்சில், ஒரே எழுத்தில் தொடங்கி ஒரே எழுத்தில் முடித்து, துளி பிசிறில்லாமல், குரலை அலையவிடாமல் ஒரு வரியைச் சொல்வது எளிதென்று நினைக்கிறவர்கள் ஒருநாள் கூடிப் பாடிப் பார்க்க வேண்டும். பாஸ் அலைகிறது, கிட்டார் துள்ளுகிறது, வயலின்கள் மேலே ஏறி வளைகின்றன. யாரோ ஒருவர் நேர்கோடாக நிற்க வேண்டும். அந்த நேர்கோடுதான் ஆல்ஃபா ஆண்டர்சனும் லூசி மார்ட்டினும். ‘ஐ வான்ட் யுவர் லவ்’ பாட்டில் ஆல்ஃபாவின் குரலைக் கேளுங்கள். ஆசையைச் சொல்கிற பாட்டு, ஆனால் அவர் கெஞ்சுவதில்லை, உருகுவதில்லை. விவரம் தெரிந்த ஒரு பெண் தனக்கு வேண்டியதைத் தெளிவாகச் சொல்கிறாள். அந்தத் தணிவு ஒரு தேர்வு, ஒரு பயிற்சி. அதே ஆல்ஃபாவும் லூசியும் ‘அட் லாஸ்ட் ஐ ஆம் ஃப்ரீ’ என்ற மெதுவான நீண்ட பாட்டில் என்ன செய்கிறார்கள் என்று கேட்டால், முடியாமல் அடக்கியவர்களல்ல, முடிந்தும் அடக்கியவர்கள் என்பது புரியும்.

அந்தக் குறைக்குள் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது. கறுப்பினப் பெண் பாடினால் தேவாலயத்தில் பாடுவதுபோலக் கதறிப் பாட வேண்டும், வியர்க்க வேண்டும், தன் துயரத்தைப் பிழிந்து கேட்பவரின் தட்டில் வைக்க வேண்டும் என்று ஓர் எதிர்பார்ப்பு. அப்போதுதான் அது ‘ஆன்மா’. அவள் பட்டு உடுத்தி, நிமிர்ந்து நின்று, நிதானமாகப் பாடினால் ஆன்மா காணாமல் போய்விடுகிறது. ஆண் கோட்டு சூட்டு போட்டு நின்றால் நாகரிகம், பெண் நின்றால் வெறுமை.

வயலின்களைச் சொன்னேன். ‘ஷீக் ஸ்ட்ரிங்ஸ்’ என்று இசைத்தட்டுகளில் பெயர் போடப்பட்ட குழுவின் தொடக்ககால வாசிப்பாளர்கள் மரியான் கரோல், செரில் ஹாங், கரென் மில்ன். மூவரும் பெண்கள். குரல் இயற்கை, கருவிதான் கலை என்றே வைத்துக்கொண்டாலும், கருவி வாசித்த இந்தப் பெண்கள் ஏன் அந்த வாய்பாட்டில் வருவதில்லை?

புறநானூற்றில் பேய்மகள் இளவெயினி என்ற பெண்பாற் புலவரின் பாட்டு ஒன்று உண்டு. அரசனிடம் பாடினி என்ன பெற்றாள், பாணன் என்ன பெற்றான் என்று தனித்தனியாகக் கணக்கு எழுதிவைத்த பாட்டு. அவளுக்குப் பொன்னிழை, அவனுக்குப் பொற்றாமரை. யாழ் வாசித்தவன் கலைஞன், பாடியவள் அவனோடு வந்தவள் என்று அந்தப் பாட்டு சொல்லவில்லை. பாடினிக்குத்தான் முதலில் கணக்கு. (எழுதியவர் பெண் என்பதை நான் தற்செயலாக எடுத்துக்கொள்ளவில்லை.)

ரோஜர்ஸ் பல நேர்காணல்களில் சொன்ன செய்தி ஒன்றுண்டு. லண்டனில் ‘ராக்ஸி மியூசிக்’ குழுவின் நேர்த்தியான உடையலங்காரத்தைப் பார்த்ததும், முகத்தில் சாயம் பூசி ஆளடையாளம் மறைத்த ‘கிஸ்’ குழுவைப் பார்த்ததும் அவருக்கு ஒரு யோசனை வந்தது. முகமில்லாத, நட்சத்திரமில்லாத, ஒலி மட்டுமே அடையாளமான ஒரு குழு. அழகான யோசனைதான். ஆனால் முகம் மறைப்பது யாருக்கு என்ன விலை? பாட்டெழுதி, தயாரித்து, ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருப்பவர் முகத்தை மறைத்துக்கொண்டால் அது உத்தி. பெயர் பின்னால் வந்து சேர்ந்துவிடும், பணமும் வரும். பாடியவளின் முகத்தை மறைத்தால் அவளுக்கு வேறெதுவும் மிச்சமில்லை.

1977இல் வந்த முதல் ஆல்பத்தின் அட்டையில் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். இருவரும் மாடல்கள். உள்ளே முதன்மைக் குரலாகப் பாடிய நார்மா ஜீன் ரைட் அந்த அட்டையில் இல்லை. பெண்ணுருவம் அட்டைக்கு வேண்டும், பாடிய பெண் வேண்டாம். அடுத்த ஆண்டு நார்மா ஜீன் தனி ஆல்பம் வெளியிட்டார், அதையும் தயாரித்தவர்கள் ரோஜர்ஸும் எட்வர்ட்ஸும்தான். அவர் விலகிய இடத்தில்தான் ஆல்ஃபாவும் லூசியும் முன்னுக்கு வந்தார்கள். இரண்டாவது ஆல்பத்தின் அட்டையில் அவர்கள் முகம் இருக்கிறது. அதற்காக நன்றி சொல்ல வேண்டுமென்று எனக்குத் தோன்றவில்லை.

‘லெ ஃப்ரீக்’ பிறந்த கதை எல்லோருக்கும் தெரியும், ஏனென்றால் அது ஆண்களின் கதை. 1977ஆம் ஆண்டின் கடைசி இரவு. கிரேஸ் ஜோன்ஸ் அழைத்ததன்பேரில் ரோஜர்ஸும் எட்வர்ட்ஸும் ‘ஸ்டூடியோ 54’ வாசலுக்குப் போகிறார்கள். பட்டியலில் பெயரில்லை என்று காவலாளி கதவைச் சாத்துகிறான். வீட்டுக்கு வந்து கோபத்தில் அந்த விடுதியைக் கெட்ட வார்த்தையால் திட்டி ஒரு பல்லவி வாசிக்கிறார்கள். அது மெல்லமெல்ல வானொலிக்கு ஏற்ற சொல்லாக மாறிப் பாட்டாகிறது. நல்ல கதை, எத்தனை முறை சொன்னாலும் ரசிக்கலாம். ஆனால் உலகம் கேட்டது அந்த இரு ஆண்களின் கோபத்தை அவர்கள் வாயால் அல்ல. அவமானப்பட்டவர்கள் அவர்கள், அதை உச்சத்தொனியில் உலகத்துக்குச் சொன்னவர்கள் ஆல்ஃபாவும் லூசியும் அவர்களோடு சேர்ந்து பாடியவர்களும். அவர்களை யார் யார் எந்தெந்த வாசலில் நிறுத்தினார்கள் என்று கேட்டு ஒரு பாட்டு எழுதப்படவில்லை.

‘சிஸ்டர் ஸ்லெட்ஜ்’ கதை இன்னும் கூர்மையானது. டெபி, ஜோனி, கிம், கேத்தி என்ற நான்கு பிலடெல்ஃபியா சகோதரிகள். அட்லாண்டிக் நிறுவனத்தின் தலைவர் ஜெரி கிரீன்பெர்க் அந்தப் பெண்களைப் பற்றி விவரித்ததைக் கேட்டு, அவர்களைச் சந்திக்கும் முன்பே ரோஜர்ஸும் எட்வர்ட்ஸும் பாடல்களை எழுதிவிட்டார்கள். 1979இல் வந்த ‘வி ஆர் ஃபேமிலி’ அப்படிப் பிறந்ததுதான். பெண்களின் ஒற்றுமைக்கான பாட்டாக உலகமெங்கும் பாடப்பட்ட ஒன்று, ஒரு ஆண் இன்னொரு ஆணிடம் நான்கு பெண்களைப் பற்றிச் சொன்ன வர்ணனையிலிருந்து வந்தது. அதற்காக அந்தப் பாட்டைத் தள்ளிவிடச் சொல்லவில்லை. எனக்குப் பிடித்த பாட்டு அது. பிடித்ததற்குக் காரணம் கேத்தி ஸ்லெட்ஜ். இருபது வயதை ஒட்டிய அந்தப் பெண் வரிகளை முன்கூட்டி மனப்பாடம் செய்யாமல், ஒரே பதிவில் பாடி முடித்த குரல் அது. பாட்டின் பின்பகுதியில் அவர் எழுதப்பட்டதைத் தாண்டிப் போகிறார். அங்கே அந்த வர்ணனை உதிர்ந்து, பெண் மட்டும் நிற்கிறாள். அந்த ஆண்டு அந்தப் பாட்டைத் தங்கள் கீதமாக எடுத்துக்கொண்டு கோப்பையும் வென்றது பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் பேஸ்பால் அணி. சகோதரிகளைப் பற்றிய பாட்டு. முழுக்க ஆண்களின் அணி. வேடிக்கைதான்.

அதே ஆல்பத்தில் இன்னொரு பாட்டு. நடனக்காரன் ஒருவனை வியக்கும் பெண், தன்னை அவனோடு அழைத்துப்போகச் சொல்வதாக ஒரு வரி. நாங்கள் அப்படிப்பட்ட பெண்களல்ல, வேறு சொல்லைப் போடுகிறோம் என்று சகோதரிகள் கேட்டார்கள். தயாரிப்பாளர்கள் மறுத்தார்கள். வரி அப்படியே நின்றது. சகோதரிகளின் ஒழுக்கப் பார்வையோடு எனக்கு உடன்பாடில்லை, ஒரு பெண் அப்படிக் கேட்டால் என்ன குடிமுழுகிப் போய்விடும் என்றுதான் நினைப்பேன். ஆனால் கேள்வி அதுவல்ல. ஒரு பெண்ணின் ஆசையை ‘நான்’ என்று தன்மையில் எழுதிக்கொடுத்து, அந்த ‘நான்’ பேசப்போகிறவள் இது நானில்லை என்று சொன்ன பிறகும் அதை அவள் வாயில் வைப்பதற்கு விடுதலை என்று பெயரா? அகப்பாட்டில் தலைவி கூற்று எழுதிய ஆண்புலவர்களைப் பற்றி வகுப்பில் பேசும்போது மாணவிகள் எழுப்பும் கேள்வியும் இதுவே. அந்தத் தலைவிகளாவது கற்பனை. கேத்தி எதிரே நின்றுகொண்டிருந்தார்.

இப்போது டயானா ராஸ்.

1980இல் மோட்டவுன் நிறுவனத்துக்காக டயானா ராஸின் ஆல்பத்தைத் தயாரிக்க ரோஜர்ஸும் எட்வர்ட்ஸும் ஒப்பந்தமானார்கள். இந்த முறை வர்ணனை கேட்கவில்லை, நேராக அவரிடம் உட்கார்ந்து பேசினார்கள், அவர் வாழ்க்கையிலிருந்து பாட்டெழுதினார்கள். அது முன்னேற்றம், ஒப்புக்கொள்கிறேன். நியூயார்க்கின் ஒரு விடுதியில் டயானா ராஸைப் போலவே வேடமிட்டு வந்திருந்தவர்களைப் பார்த்த ரோஜர்ஸுக்கு ‘ஐ ஆம் கமிங் அவுட்’ பாட்டு தோன்றியது. பதிவு முடிந்தது. ராஸ் அந்த நாடாவை வானொலி அறிவிப்பாளர் ஃபிராங்கி குரோக்கரிடம் போட்டுக்காட்டினார். இது வெளிவந்தால் உன் வாழ்க்கை முடிந்தது என்ற பொருளில் அவர் சொன்னார். ராஸ் என்ன செய்தார்? மோட்டவுனின் ஒலிப்பொறியாளர் ரஸ் டெரானாவோடு உட்கார்ந்து ஆல்பம் முழுவதையும் மறுபடி மிக்ஸ் செய்தார். தன் குரலை முன்னால் கொண்டுவந்தார். நீண்ட கருவியிசைப் பகுதிகளைச் சுருக்கினார், வேகத்தைக் கூட்டினார். தயாரிப்பாளர்களிடம் கேட்கவில்லை.

அவர்கள் கொதித்தார்கள். தங்கள் பெயரையே எடுத்துவிடலாமா என்றுகூட யோசித்தார்கள். அன்றிலிருந்து இன்றுவரை இந்தச் சம்பவம் எப்படிச் சொல்லப்படுகிறது என்று கவனியுங்கள். இரண்டு மேதைகள் ஒரு ஒலியைச் செதுக்கினார்கள், தன்னைத் தவிர எதையும் கேட்கத் தெரியாத ஒரு நட்சத்திரம் அதை வெட்டிவிட்டாள். ‘அகம்பாவம்’ என்ற சொல் அவளுக்கென்றே காத்திருந்தது. 2003இல் அவர்களுடைய முதல் மிக்ஸும் வெளியானபோது, களவுபோன பொருள் மீட்கப்பட்டதுபோலக் கொண்டாடியவர்கள் உண்டு.

இரண்டையும் கேட்டிருக்கிறேன். எது நல்ல மிக்ஸ் என்று கேட்டால், எனக்குப் பிடித்தது அவர்களுடையதுதான். அதில் காற்று இருக்கிறது, பாஸ் மூச்சுவிடுகிறது. ஆனால் என் ரசனை இங்கே ஒரு வாதமே அல்ல. ஆல்பத்தின் பெயர் ‘டயானா’. அட்டையில் அவர் முகம். தோற்றால் வீழப்போவது அவர் பெயர், கிட்டார்காரரின் பெயரல்ல. அந்த ஆல்பத்தில் அவருடைய குரல் எவ்வளவு உரக்க இருக்க வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை அவருக்கில்லையென்றால் வேறு யாருக்கு? ‘கமிங் அவுட்’ என்று அவருக்குப் பாட்டெழுதிக் கொடுத்தவர்கள், அவர் உண்மையிலேயே வெளியே வந்து ஒலிப்பலகையில் கைவைத்தபோது தாங்கவில்லை. ஒரு ஆண் தயாரிப்பாளர் இன்னொருவர் பதிவை நள்ளிரவில் மாற்றியமைத்தால் அது துணிச்சல், தொலைநோக்கு. அவர் மாற்றிய அந்த வடிவம்தான் அவருடைய தனி ஆல்பங்களில் அதிகம் விற்றது. அதிலிருந்த ‘அப்சைட் டவுன்’ பட்டியலில் முதலிடம் பிடித்தது. அடுத்த ஆண்டே மோட்டவுனை விட்டு ஆர்.சி.ஏ. நிறுவனத்துக்குப் போனார்.

ராஸை நான் புனிதராக்கவில்லை. ‘சுப்ரீம்ஸ்’ குழுவிலிருந்து ஃபுளோரன்ஸ் பாலர்ட் வெளியேற்றப்பட்டு, அந்தக் குழுவின் பெயருக்கு முன்னால் ராஸின் பெயர் வந்து சேர்ந்த 1967ஐ மறந்துவிட்டு இதை எழுத முடியாது. பாலர்ட் 32 வயதில் இறந்துபோனார். ஒரு பெண்ணை முன்னால் நிறுத்த இன்னொரு பெண்ணைத் தள்ளுவது இசைத்தொழிலின் சொந்தக் கண்டுபிடிப்பு. அதை நடத்தியவர்கள் பெண்களல்லர்.

1979 ஜூலை 12. சிகாகோவின் கோமிஸ்கி பார்க் மைதானம். டிஸ்கோ இசைத்தட்டு ஒன்றைக் கொண்டுவந்தால் 98 சென்ட்டுக்கு நுழைவுச்சீட்டு. ஐம்பதாயிரம் பேர் அளவில் கூடினார்கள். இரண்டு ஆட்டங்களுக்கு நடுவில் ஸ்டீவ் டால் என்ற வானொலி அறிவிப்பாளர் இசைத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார். கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்தது, இரண்டாவது ஆட்டம் நடக்கவேயில்லை. கறுப்பினத்தவர், லத்தீனோக்கள், தன்பாலீர்ப்பாளர்கள் வளர்த்தெடுத்த இசை என்பதால் வந்த வெறுப்பு அது என்று இப்போது பலரும் எழுதிவிட்டார்கள். சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். கூடவே ஒன்றைச் சொல்ல வேண்டும். டிஸ்கோ பெண்குரல்களின் இசை. டோனா சம்மர், குளோரியா கேனர், சிஸ்டர் ஸ்லெட்ஜ், ஷீக்கின் பெண்கள். ஆண் துணை கேட்டு வராமல் பெண் தனியாக நின்று ஆடலாம் என்ற தளம் அங்கேதான் கிடைத்தது. ‘ஐ வில் சர்வைவ்’ இசைத்தட்டின் பின்பக்கத்தில் போட்டு ஒதுக்கப்பட்ட பாட்டு. முதுகில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு பட்டை கட்டிக்கொண்டு நின்று பாடினார் கேனர். அந்தக் குவியலில் வெடித்தவை பெரும்பாலும் எவருடைய குரல்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டியதில்லை.

அடுத்த மாதம் ‘குட் டைம்ஸ்’ முதலிடத்துக்கு வந்தது. ஒரு வாரம். அதைத் தள்ளிவிட்டு வந்து உட்கார்ந்தது ‘மை ஷரோனா’ என்ற ராக் பாட்டு, பதின்ம வயதுப் பெண்மீதுள்ள இச்சையை ஒரு ஆண் மூச்சுவாங்கப் பாடுகிற பாட்டு. ராக் மீண்டது என்று மகிழ்ந்தார்கள்.

அலை அடித்து ஓய்ந்த பிறகு யார் எங்கே ஒதுங்கினார்கள் என்று பார்த்தால் கணக்கு தெளிவாகிவிடும். 1983இல் ஷீக் கலைந்தது. அதே ஆண்டு டேவிட் போவியின் ‘லெட்ஸ் டான்ஸ்’, அடுத்த ஆண்டு மடோனாவின் ‘லைக் எ வர்ஜின்’. இரண்டையும் ரோஜர்ஸ் தயாரித்தார். பிந்தையதில் எட்வர்ட்ஸும் தாம்ப்சனும் வாசித்தார்கள். ஆண்களின் திறமைக்கு ‘சவுண்ட்’ என்று பெயர் வைத்திருந்தார்கள், அது எந்த வீட்டுக்கும் குடிபோகும். பெண்களின் திறமைக்கு ‘டிஸ்கோ குரல்’ என்று பெயர். டிஸ்கோ செத்தால் அதுவும் உடன்கட்டை ஏற வேண்டியதுதான். ஆல்ஃபா ஆண்டர்சன் ஷீக்கில் சேருமுன் கொலம்பியாவின் ஆசிரியர் கல்லூரியில் முதுகலை முடித்து, ஹன்டர் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவர். பழைய நண்பர் லூதர் வாண்ட்ராஸின் குழுவோடு எண்பதுகளில் பாடினார். பிறகு கல்விக்குத் திரும்பி புரூக்ளினில் பள்ளி முதல்வரானார். எழுபது வயதைத் தொட்ட பிறகுதான் தன் பெயரில் முதல் ஆல்பம். 2024 டிசம்பரில் காலமானார். கல்லூரியில் பாடம் நடத்திச் சம்பளம் வாங்குகிற எனக்கு, ஒரு பள்ளியின் தலைமைப் பொறுப்பு தோல்வியாகத் தெரியவில்லை. ஆனால் அதை அவர் தேர்ந்தெடுத்தாரா, அல்லது அதுவொன்றுதான் திறந்திருந்த கதவா என்று கேட்காமலிருக்க முடியவில்லை.

‘ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்’ அமைப்பில் ஷீக்கின் பெயர் பதினொரு முறை முன்மொழியப்பட்டது. பதினொரு முறையும் உள்ளே விடவில்லை. 2017இல் ரோஜர்ஸுக்கு மட்டும் தனியாக ஒரு விருது கொடுத்துக் கணக்கை முடித்தார்கள். குழுவுக்கு இடமில்லை, குழுவின் ஒரு ஆணுக்கு இடமுண்டு.

என்னிடம் சொல்லப்படும் மறுமொழி ஒன்றுண்டு. யார் பாடியிருந்தாலும் அந்தப் பாட்டு ஓடியிருக்கும், பாடகிகள் மாறினார்கள், ஒலி மாறவில்லை என்று. நல்லது. எட்வர்ட்ஸ் 1996இல் தோக்கியோவில் கச்சேரி முடித்து நிமோனியாவால் இறந்தார். அதன் பிறகும் ஷீக் என்ற பெயரில் குழு ஊர் ஊராகப் போய் வாசிக்கிறது, வேறொருவர் பாஸ் வாசிக்கிறார், கூட்டம் ஆடுகிறது. அதனால் எட்வர்ட்ஸ் யாராக இருந்தாலும் பரவாயில்லை என்று எவராவது எழுதினார்களா? எழுதினால் நானே சண்டைக்குப் போவேன். மாற்றிக்கொள்ளலாம் என்பது பெண்ணின் வேலைக்கு மட்டும் சொல்லப்படுகிற வாக்கியம். வீட்டுவேலைக்கும் அதைத்தான் சொல்கிறார்கள்.

முதல் அட்டையில் தொடங்கிய அந்தப் பிரிவினை, குரல் ஒருத்தியுடையது, உருவம் இன்னொருத்தியுடையது என்பது, பத்தாண்டுகளுக்குப் பிறகு வெளிப்படையான தொழில்முறையாகவே ஆனது. 1989இல் இங்கிலாந்தில் அந்த ஆண்டின் மிக அதிகம் விற்ற சிங்கிள் ‘பிளாக் பாக்ஸ்’ குழுவின் ‘ரைட் ஆன் டைம்’. அதில் ஒலித்தது லொலீட்டா ஹாலோவே 1980இல் ‘லவ் சென்சேஷன்’ பாட்டில் பாடிய குரல். திரையில் வாயசைத்தவர் மெலிந்த ஒரு மாடல். அடுத்து மார்த்தா வாஷ். ‘இட்ஸ் ரெய்னிங் மென்’ பாடிய இருவரில் ஒருவர். அதே பிளாக் பாக்ஸின் பாடல்களிலும், ‘சி அண்ட் சி மியூசிக் ஃபேக்டரி’யின் 1990ஆம் ஆண்டுப் பெருவெற்றிப் பாட்டிலும் ஒலித்தது அவர் குரல். இரண்டு குழுக்களின் வீடியோக்களிலும் வேறு பெண்கள் வாயசைத்தார்கள். மார்த்தா பருமனான பெண், அதுதான் காரணம். வாயசைத்த பெண்களை நான் குற்றம் சொல்லவில்லை, அவர்களிடமிருந்தும் பாதிதான் வாங்கினார்கள், உருவத்தை எடுத்துக்கொண்டு குரலைத் தள்ளினார்கள். மார்த்தா வழக்குப் போட்டார். நிறுவனங்கள் உடன்பாட்டுக்கு வந்தன. பாடியவர் பெயரை இசைத்தட்டிலும் வீடியோவிலும் போட்டாக வேண்டும் என்ற நடைமுறை அதற்குப் பிறகுதான் அங்கே உறுதிப்பட்டது. ஒரு பெண் நீதிமன்றப் படியேறியதால் வந்த நடைமுறை அது.

பெயர் வந்தது, பணம்? அமெரிக்காவின் ஏ.எம்., எஃப்.எம். வானொலி நிலையங்களில் ஒரு பாட்டு ஒலிக்கும்போது, எழுதியவருக்கும் பாட்டின் பதிப்பாளருக்கும் உரிமத்தொகை உண்டு. பாடியவருக்கோ வாசித்தவருக்கோ ஒரு சென்ட் கிடையாது. ‘லெ ஃப்ரீக்’ எழுதியவர்கள் என்று பதிவானவை இரண்டே பெயர்கள், எட்வர்ட்ஸ், ரோஜர்ஸ். எனவே நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அங்குள்ள வானொலியில் அந்தப் பாட்டு ஒலித்த ஒவ்வொரு முறையும் ஆல்ஃபாவுக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை, லூசிக்கு ஒன்றுமில்லை, டிரம்ஸ் அடித்த டோனி தாம்ப்சனுக்கும் ஒன்றுமில்லை. கல்தூண் என்று போற்றப்பட்ட அவரும் இந்த இடத்தில் பெண்களின் வரிசையில்தான் நின்றார், 2003இல் இறக்கும்வரை. இதை மாற்றுவதற்கான மசோதா ஒன்று 2021இல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. வானொலி முதலாளிகளின் சங்கம் அதை எதிர்க்கிறது. அவர்கள் சொல்லும் காரணம், நாங்கள் ஒலிபரப்புவதே பாடியவர்களுக்கு விளம்பரம்தானே என்பது.